டெம்பிள் கார்: தப்பான இங்கிலீஷா?

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்குப் பக்கம் தேரடித் தெரு. ஊர்க்காரர்கள் வாயில் அது தேரடிதான். ஆனால் அதே தெருவின் விலாசத்தை இங்கிலீஷில் எழுதினால் 'கார் ஸ்ட்ரீட்' ஆகிவிடும். கடை போர்டு, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றிலும் இதே கதை. வெளியூரிலிருந்து வரும் பையன்கள் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இந்தத் தெரு முழுக்க கார் ஷோரூமா?" என்று கேட்பது வழக்கம். கார்த்திகை தீபம் வந்தால் இன்னும் வேடிக்கை. ஏழாம் நாள் தேரோட்டத்துக்கு இங்கிலீஷ் பத்திரிகைகளில் 'கார் ஃபெஸ்டிவல்' என்று தலைப்பு வரும். அன்றைக்கு மாட வீதியில் மோட்டார் கார் எதுவும் நுழைய முடியாது. கார் திருவிழா நடப்பதால் கார் ஸ்ட்ரீட்டில் கார் வரக்கூடாது! இதை ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கிப் பாருங்கள் :-)

இந்தச் சிரிப்பு வெறும் சிரிப்பாகப் போய்விட்டால் பரவாயில்லை. அது பரீட்சைத் தாளுக்கும் வந்துவிடுகிறது. 'உங்கள் ஊர்த் திருவிழா' பற்றி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் வரும் சொல் 'டெம்பிள் கார்'. வீட்டில் காலண்டரில், பத்திரிகையில், பஸ்ஸிலிருந்து பார்த்த போர்டில் இருந்த சொல் அதுதானே. அதைச் சிவப்பு மையால் அடித்து 'சாரியட்' என்று திருத்தும் ஆசிரியர்கள் உண்டு. தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதியதாக ஒரு குறிப்பும் கூடவே வரும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பையன் அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் பயப்படுவான். தெரிந்த சொல்லையே விட்டுவிட்டு, தெரியாத சொல்லைத் தேடிப் போவான். இன்டர்வியூவில் "உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் தேரைப் பற்றிப் பேசாமலே முடித்துக்கொள்வான்.

ஆகவே கேள்வியை நேராகவே கேட்டுவிடலாம். 'டெம்பிள் கார்' தப்பா, சரியா?

சரிதான். சரி என்பது மட்டுமில்லை, இந்த விஷயத்தில் திருவண்ணாமலையின் இங்கிலீஷ் லண்டன் இங்கிலீஷைவிடப் பழசு.

'கார்' என்றால் நமக்கெல்லாம் நாலு சக்கரம், ஸ்டியரிங், பெட்ரோல். ஆனால் இங்கிலீஷில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. பழைய கால் நாட்டுக்காரர்கள் (இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த கெல்டிக் ஜனங்கள்) தங்கள் வண்டிக்கு வைத்திருந்த பெயரை ரோமானியர்கள் எடுத்து லத்தீனில் 'கர்ருஸ்' ஆக்கினார்கள். அது நார்மன் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'கார்' ஆனது. ஓடுவது என்ற பொருளுள்ள ஒரு பழைய வேர்ச்சொல்லில் இருந்துதான் இதெல்லாம் வந்தது என்பார்கள் மொழி ஆய்வாளர்கள். காமர்ஸ் படிப்பவர்கள் தினமும் எழுதும் 'கரண்ட் அக்கவுண்ட்', 'கரன்சி' இரண்டும் அதே குடும்பம். இன்னொரு வேடிக்கை: 'சாரியட்' என்ற சொல்லும் அதே 'கர்ருஸ்' பெற்ற பிள்ளைதான், பிரெஞ்சில் கொஞ்சம் வளர்ந்து வந்தது. ஆக 'கார்' தப்பு, 'சாரியட்' சரி என்று சண்டை போடுவது பங்காளிகள் இருவரில் யார் ஒரிஜினல் என்று கேட்பது மாதிரி.

இங்கிலீஷ் கவிஞர்கள் சூரிய தேவனின் ரதத்தைக் 'கார்' என்றே எழுதினார்கள். ரோமானியத் தளபதி ஜெயித்துவிட்டு ஊர்வலமாக வரும் வண்டியும் 'கார்'தான். அதாவது அலங்காரம் செய்த, உயரமான, கூட்டத்துக்கு நடுவே மெதுவாக வரும் ஊர்வல வண்டி. இப்போது திருவண்ணாமலைப் பெரிய தேரை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். அன்றைய வெள்ளைக்காரத் துரைக்கும் பாதிரியாருக்கும் நம் ஊர்த் தேரைப் பார்த்ததும் எந்தச் சொல் வாயில் வந்திருக்கும்? அவர்கள் தெரிந்துதான் எழுதினார்கள். கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் 1806ல் ஒரிசாவில் உள்ள பூரிக்குப் போய் ஜகந்நாதர் தேரைப் பார்த்தார். 1811ல் புத்தகம் போட்டபோது அதை அவர் குறித்த சொல்லும் 'கார்'தான்.

அப்போது மோட்டார் கார் எங்கே? கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் தன் மூன்று சக்கர வண்டிக்குப் பேடண்ட் கேட்டு மனுப் போட்டது 1886 ஜனவரியில். இங்கிலாந்தில் அந்தப் புது வண்டிக்கு என்ன பெயர் வைப்பது என்றே கொஞ்ச நாள் குழப்பம். குதிரையில்லா வண்டி என்றார்கள், ஆட்டோகார் என்றார்கள், மோட்டார் கார் என்றார்கள். 1896 நவம்பரில்தான் அங்கே அந்த வண்டிகள் ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போகச் சட்டம் இடம் கொடுத்தது. (அதே 1896 செப்டம்பரில்தான் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் திருவண்ணாமலையில் வந்து இறங்கினார். பிற்பாடு ரமண மகரிஷி.) 1903ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட சட்டத்தின் பெயரிலேயே 'மோட்டார் கார்' என்ற இரட்டைச் சொல் இருக்கிறது.

இங்கேதான் விஷயம். அன்றைக்கு 'கார்' என்று சும்மா சொன்னால் பழைய வண்டி. புதுசாக வந்ததற்குத்தான் 'மோட்டார்' என்று ஒரு ஒட்டுச் சொல் தேவைப்பட்டது. போகப் போக மோட்டார் கார் வீட்டுக்கு வீடு வந்தது, ஒட்டு உதிர்ந்தது, வெறும் 'கார்' அதற்கே பட்டா ஆகிவிட்டது. பழைய காருக்கு இப்போது ஒரு அடைமொழி வேண்டும். அதுதான் 'டெம்பிள்'.

இது ஏதோ இங்கிலீஷில் மட்டும் நடக்கும் விநோதம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு அடுப்படியிலேயே நடந்திருக்கிறது. எள்ளின் நெய்தான் 'எண்ணெய்'. அந்தச் சொல்லுக்குள்ளேயே எள் இருக்கிறது. பிறகு தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. அசல் எண்ணெய் என்ன ஆனது? 'நல்லெண்ணெய்' என்று அடைமொழி வாங்கிக்கொண்டு நிற்கிறது. கோழி என்றால் வாசலில் மேயும் கோழி. பிராய்லர் வந்தது, வாசலில் மேய்ந்தது 'நாட்டுக்கோழி' ஆகிவிட்டது. தாத்தா காலத்தில் 'வண்டி கட்டு' என்றால் மாட்டை அவிழ்த்து வந்து கட்டுவார்கள். இன்றைக்கு 'வண்டியை எடு' என்றால் பேரன் பைக் சாவியைத் தேடுகிறான். பழைய வண்டிக்குப் பெயர் 'மாட்டு வண்டி'. இடத்தைக் காலி செய்த பழைய குடித்தனக்காரருக்குக் கிடைக்கும் புது விலாசம் இது. 'டெம்பிள் கார்' இங்கிலீஷின் நாட்டுக்கோழி. அதைப் பட்லர் இங்கிலீஷ் என்று திருத்துகிறவர்கள், நாட்டுக்கோழியைப் பார்த்து 'இது பிராய்லர் மாதிரி இல்லையே' என்று குறை சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வழக்கு தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் கார் ஸ்ட்ரீட்தான், கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு என்று. மங்களூரிலும் உடுப்பியிலும் கன்னடத்தில் ரதபீதி என்று சொல்லும் தெருவுக்கு இங்கிலீஷில் கார் ஸ்ட்ரீட். 'தேர்' என்ற சொல்லும் அப்படித்தான். தெலுங்கில் தேரு, கன்னடத்தில் தேரு, மலையாளத்தில் தேர். தென்னிந்தியா முழுக்க ஒரே பொருள், அதற்கு இங்கிலீஷில் ஒரே சொல். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் தேருக்குக் 'கார்', 'சாரியட்' இரண்டையும் கொடுக்கிறது. இத்தனை பேர், இத்தனை வருஷம், ஒரே பொருளில் எழுதிய சொல் எப்படித் தப்பாகும்? லண்டனில் அச்சாகும் அகராதிகள் 'கார்' என்பதன் இந்தப் பொருளுக்குப் பக்கத்தில் 'கவிதை வழக்கு' என்கிற மாதிரி ஒரு குறிப்புப் போடும். அங்கே கவிதைக்கு ஒதுக்கிய சொல் இங்கே பில் புத்தகத்தில் இருக்கிறது. பெருமைப்படலாம் :-)

சரி, 'சாரியட்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தப்பு என்று சொல்ல முடியாது. தேரின் முன்பக்கம் பாய்கிற மாதிரி மரக் குதிரைகள் வைப்பது உண்டு, கடிவாளத்தோடு பிரம்மா சாரதியாக உட்கார்ந்திருப்பதும் உண்டு. சிவபெருமான் முப்புரம் எரிக்கப் போன கதையின் ரதம் அது. கோயிலே அதைச் சண்டைக்குப் போகும் ரதமாகத்தான் கற்பனை செய்கிறது என்று ஒருவர் வாதாடினால் ஜெயிப்பார். ஆனால் இங்கிலீஷ் படிக்கிற ஒரு ஆளுக்குச் 'சாரியட்' என்றதும் கண் முன் வருவது இரண்டு சக்கரம், நாலு குதிரை, சாட்டையோடு ஒரு ஆள், புழுதி. வேகம்தான் அந்தச் சொல்லின் உயிர். முல்லைக்குப் பாரி விட்டுவந்த தேர் சாரியட். கன்றுக்குட்டி மேல் ஏறிய சோழ இளவரசனின் தேர் சாரியட். அர்ஜுனனுக்குக் கிருஷ்ணர் ஓட்டியது சாரியட்டேதான். தமிழில் இவை எல்லாவற்றுக்கும் 'தேர்' ஒன்றே போதும். இங்கிலீஷில் இரண்டு சொல் கையில் இருக்கும்போது, ஓடுகிற தேருக்கு ஒன்று, அசைகிற தேருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம்? ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பி, நாலு மாட வீதியைச் சுற்ற அரை நாள் எடுத்துக்கொள்ளும் ஒரு மர மலைக்குச் 'சாரியட்' கொஞ்சம் இளைத்த சட்டை.

நம்மவர்களே வெளிநாட்டில் வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தைப்பூசத்தில் வருவது 'சில்வர் சாரியட்'. பினாங்கில் வெள்ளித் தேரும் சாரியட், 2017ல் வந்த தங்கத் தேரும் சாரியட். யாழ்ப்பாணம் நல்லூர்த் தேர்த் திருவிழா பற்றிய இங்கிலீஷ் செய்திகளிலும் சாரியட்தான் அதிகம் கண்ணில் படும். அவர்கள் ஊர் வழக்கு அது. அங்கே அது சரி. பழனியில் இதே தங்கத் தேர் 'கோல்டன் கார்'. மாமல்லபுரத்துக்கு வந்தால் இரண்டும் இல்லை, 'ஃபைவ் ரதாஸ்'. அவை தேரே இல்லை, பாறையில் குடைந்த கோயில்கள், நகரவே நகராது. அதையும் யாரும் 'ஃபைவ் கார்ஸ்' என்று எழுதவில்லை, நல்லவேளை.

பூரித் தேருக்கு நடந்ததுதான் பெரிய அநியாயம். ஜகந்நாதர் என்ற பெயரை இங்கிலீஷ்காரர்கள் 'ஜக்கர்நாட்' ஆக்கினார்கள். பக்தர்கள் சக்கரத்தில் விழுந்து சாகிறார்கள் என்று பாதிரிமார்கள் எழுதிய எழுத்தில் அந்தச் சொல் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. எதிரில் வருவதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் ராட்சச சக்தி என்று அதற்குப் பொருள் வந்தது. இங்கிலாந்தில் இன்றைக்கு 'ஜக்கர்நாட்' என்றால் பெரிய சரக்கு லாரி. பிசினஸ் பத்திரிகையில் ஒரு கம்பெனி போட்டியாளர்களை எல்லாம் விழுங்கினால் அதுவும் ஜக்கர்நாட். கணக்குப் பாருங்கள்: தேரைக் குறித்த அவர்கள் சொல் மோட்டாருக்குப் போனது, தேரில் வரும் நம் சாமியின் பெயர் லாரிக்குப் போனது. தேருக்கு மிஞ்சியது 'டெம்பிள்' என்ற ஒட்டு. இதில் 'கார்' யாரையும் திட்டாத சொல். அதை அடித்துத் திருத்துகிறவர்கள் 'ஜக்கர்நாட்'டைக் கூசாமல் எழுதுவார்கள்.

இனி உபயோகம். 'டெம்பிள் கார்' சரி என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தமில்லை.

இரண்டு பெயர்ச்சொல் சேர்ந்து ஒரு பொருளாவது இது, நம் 'கோயில் தேர்' மாதிரியே. முதல் சொல் எந்த வகை என்று சொல்கிறது, இரண்டாவது சொல் என்ன பொருள் என்று சொல்கிறது. நடுவில் வேற்றுமை உருபு நுழையக் கூடாது. 'டெம்பிள்ஸ் கார்' என்று அப்பாஸ்ட்ரஃபி போட்டு எழுதினால் 'கோயிலுடைய கார்', அதாவது கோயில் நிர்வாகம் வாங்கி வைத்திருக்கும் மோட்டார் வண்டி! ஒரு சின்னக் கொம்பு, தேரை ஜீப் ஆக்கிவிடும். பன்மைக்கு 'டெம்பிள் கார்ஸ்' போதும், முதல் சொல்லில் கை வைக்க வேண்டாம். 'டெம்பிள் கார்ட்' என்று கடைசியில் ஒரு டகரம் சேர்ப்பதும் அடிக்கடி பார்க்கிற விஷயம். அது மாட்டு வண்டிக்கோ கை வண்டிக்கோ உரிய சொல். தேரைச் சொல்லப் போய்த் தள்ளுவண்டியில் முடியும்.

கணக்கு எழுதும்போது 'டெம்பிள்' என்ற ஒட்டை விடவே கூடாது. ஒரு கோயில் லெட்ஜரில் 'கார் ரிப்பேர்' என்று ஒரு தலைப்பு இருந்தால், புதிதாக வந்த ஆடிட் உதவியாளர் அதை வாகனச் செலவில் சேர்த்துவிடுவார். டயர் பில் எங்கே என்று கேட்பார். மேலே போனால் மோட்டார் காருக்கு உள்ள 15 சதவீதத் தேய்மானத்தையும் தேர் மேல் போட்டுவிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை சில மணி நேரம் ஓடும், தலைமுறை தலைமுறையாக நிற்கும் சொத்துக்கு 15 சதவீதம்! 'உடன் கார்' என்று முன்னால் மரத்தைச் சேர்த்து எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. மரத்தேர் என்பதற்கு நேர்ச் சொல்லும் அதுதான்.

வினைச்சொல்லில்தான் அதிகம் வழுக்கும். தமிழில் 'தேர் ஓடியது' என்கிறோம். அதை அப்படியே 'தி கார் ரேன்' என்று எழுதினால் கியர் போட்டு ஓடின மாதிரி இருக்கும். தேரை யாரும் 'டிரைவ்' செய்வதில்லை. இழுத்தார்கள் என்பதற்குப் 'புல்' உண்டு, அதைவிடப் பழைய, பொருத்தமான சொல் 'டிரா'. 'தி கார் வாஸ் டிரான்' என்று எழுதினால் பழைய சொல்லும் பழைய வினையும் சேர்ந்து கச்சிதமாக உட்காரும். 'புல்' தனியாக வந்தால் பிரேக்டவுன் ஆன வண்டியைக் கட்டி இழுக்கிற ஞாபகம் வரும்.

ஆனால் 'டிரா'வும் 'புல்'லும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. தமிழில் 'தேர் இழுத்தார்' என்று சொல்வதைவிட 'வடம் பிடித்தார்' என்று சொல்வதற்கு எடை அதிகம். இழுப்பது உழைப்பு. பிடிப்பது உரிமை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித் மக்கள் தேர் வடம் பிடிக்கும் உரிமைக்காகக் கோர்ட் வரை போனார்கள். அந்தத் தேர் பதினேழு வருஷம் போல ஓடாமல் நின்று 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. அத்தனை வருஷப் பிரச்சினையும் ஒரு கயிற்றை யார் கையால் தொடலாம் என்பதுதான். இதை இங்கிலீஷில் 'கார் இழுப்பதில் தகராறு' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? ஏன் இழுக்க வேண்டும், ஆள் வைத்து இழுக்கட்டுமே என்று தோன்றும். அங்கே 'ஹோல்டிங் தி ரோப்' என்று கயிற்றைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். திருவண்ணாமலையில் பராசக்தி அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பதையும், சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பதையும் எழுதும்போது இதே கவனம் வேண்டும். பெண்கள் வடம் பிடிக்கும் தேர் என்பதுதான் அங்கே செய்தி.

பெயரில் தடுமாறினால் உயிர் விஷயத்திலும் குழப்பம் வரும். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழா ஊர்வலத்தில் மின்கம்பி உரசி 11 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. அது தேரா, சப்பரமா என்று அப்போதே பேச்சு எழுந்தது. தேர் என்றால் உயரத்தைக் கணக்கிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, முன்னேற்பாடு செய்த பிறகே நகரும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். சப்பரம் என்றால் ஊர்க்காரர்களே கட்டி எடுத்துவரும் சின்னது என்று நினைப்பார்கள். இங்கிலீஷ் செய்தியில் இந்த வித்தியாசம் ஏறவே இல்லை. 'டெம்பிள் கார்' என்றும் 'சாரியட்' என்றும் இரண்டு மாதிரியும் போனது. வெளிநாட்டில் ஒருவர் 'டெம்பிள் கார் மின்கம்பியில் பட்டது' என்று படித்தால், கோயிலுக்குப் போன கார் விபத்து என்று நினைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே தூரத்து வாசகருக்கு எழுதும்போது முதல் தடவை மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: உயரமான மரத்தேர், சாமியை வைத்துக் கயிறு கட்டி ஜனங்கள் இழுப்பது என்று. பிறகு கட்டுரை முழுக்கக் 'கார்' என்றே எழுதலாம். யாரும் குழம்ப மாட்டார்கள். சின்னதாக இருந்தால் 'சப்பரம்' என்று தமிழ்ச் சொல்லையே போட்டு அதற்கும் ஒரு வரி கொடுக்கலாம்.

'தேர்' என்ற சொல்லையே நேராக இங்கிலீஷில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். 'இட்லி', 'கறி' எல்லாம் போகவில்லையா? ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் அது 'தெர்' என்றும் படிக்கப்படும், 'தேர்' என்றும் படிக்கப்படும், 'தியர்' என்று படிப்பவரும் உண்டு. சொல்லோடு விளக்கமும் கூடவே போக வேண்டும். 'தேரடி' மட்டும் அப்படியே இருக்கட்டும். கார் ஸ்ட்ரீட்டை மாற்றி 'சாரியட் ஸ்ட்ரீட்' என்று போர்டு வைக்க யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து வேண்டாம். தபால்காரர் பாவம்.

ஒரு கொசுறு: தேருக்குப் பிரேக்கும் உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பி.எச்.இ.எல். அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்று சொல்லப்படும் வண்டி, பிரேக் போட்டால் நிற்கிறது. இதற்குமேல் அதைக் 'கார்' என்று கூப்பிடக் கூடாது என்றால் எப்படி?

கடைசியாக ஒரு சொல் பாக்கி இருக்கிறது, இதற்குத்தான் இங்கிலீஷில் ஆள் அகப்படவில்லை. காலையில் பிள்ளையார் தேர் கிளம்பி மாட வீதி சுற்றி வந்து நின்றால்தான் அடுத்தது முருகர் தேர். அதற்குப் பிறகு பெரிய தேர், அம்மன் தேர் என்று ராத்திரி வரை போகும். ஒவ்வொன்றும் திரும்பி வந்து நிற்பதை 'நிலைக்கு வந்தது' என்கிறோம். 'ஸ்டேஷன்' என்றால் ரயில், 'ஸ்டாண்ட்' என்றால் ஆட்டோ, 'பார்க்கிங்' என்று எழுதினால் அவ்வளவுதான், இத்தனை நேரம் காருக்காகப் பேசியது வீண். பத்திரிகைக்காரர்கள் 'இருந்த இடத்துக்குத் திரும்பியது' என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள், சிலர் 'நிலை' என்றே போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது ஆட்கள் எழுதுவதுதான் சரி. 'தி கார் ரீச்ட் இட்ஸ் நிலை' என்று எழுதிப் பாருங்கள், படிக்க ஒன்றும் உறுத்தவில்லை.